கீரைக்கட்டா, புளூபெர்ரியா, பிரம்மி மாத்திரையா? அம்மாவின் மூளைக்கு மாதம் மூவாயிரம்

பெரியம்மாவுக்கு மறதி நோய் என்று உறுதியானது போன வருடம். ஆம்பூரில் நாற்பது வருடமாக ஒரே தெருவில் இருந்தவர், மாவு மில்லுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றிருக்கிறார். சேதி வந்த அன்று பெங்களூர் அல்சூரில் எங்கள் அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் பீரோ சாவியைத் தேடும்போதுதான், "எனக்கும் ஆரம்பிச்சிடுச்சோ என்னமோ" என்றார். அம்மாவுக்கு 67.

அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வைத்தியம் தொடங்கிவிட்டது. சியாட்டிலில் இருக்கும் தம்பி, "அம்மாவுக்கு தினமும் புளூபெர்ரி வாங்கிக் கொடு, மாசம் மூவாயிரம் நான் போடறேன்" என்று எழுதினான். சித்தப்பா பிரம்மி மாத்திரை டப்பாவின் படம் அனுப்பினார். மாடி வீட்டு அக்கா ஏபிசி ஜூஸ் என்றார். ஆப்பிள், பீட்ரூட், கேரட். அம்மாவோ எதற்கும் பதில் போடாமல், "கீரைக்காரம்மா வந்தா ஒரு கட்டு வாங்கி வை" என்று என்னிடம் சொன்னார்.

ஆக, கையில் மூவாயிரம் ரூபாய், முன்னால் நான்கு வழி. உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன்.

கீரையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சான்று அதிகம் இருப்பது அங்கேதான். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்பவர் முதியவர்களின் சாப்பாட்டையும் நினைவாற்றலையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். 2018இல் அவரது குழு வெளியிட்ட கணக்கில் 960 பேர், சராசரி வயது 81. தினம் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கீரை சாப்பிட்டவர்களையும், கீரையே தொடாதவர்கள் என்று சொல்லத்தக்கவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் நினைவு மங்கும் வேகத்தில் தெரிந்த வித்தியாசம், பதினோரு வயது இளமைக்குச் சமம் என்றார்கள். ஒரு பங்கு என்பது வெந்த கீரை அரை கப். நம் வீட்டுக் கணக்கில் பொரியல் ஒரு பெரிய கரண்டி, அவ்வளவுதான்.

கீரையில் என்ன இருக்கிறது? ஃபோலேட், லூட்டீன், வைட்டமின் கே, நைட்ரேட். ஃபோலேட் குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும், அது ரத்தக் குழாய்க்கு ஆகாது. நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாயைத் தளர்த்தும். லூட்டீன் கண்ணிலும் மூளையிலும் சேர்ந்திருக்கும் மஞ்சள் நிறமி. அது எண்ணெயில் கரைவது. அதனால் வெறும் தண்ணீரில் அவித்த கீரையைவிட நல்லெண்ணெயில் தாளித்த கீரை மேல். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பின்ன எண்ணெயே இல்லாம யாரு கீரை பண்ணுவா?" என்று கேட்டார்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது பழத்தின் நிலைமை. "பழம் காய்கறி சாப்பிடுங்கள்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். மாரிஸ் குழு 2006இல் 65 வயது தாண்டிய 3,718 பேரை ஆராய்ந்தபோது, காய்கறி நிறையச் சாப்பிட்டவர்களுக்கு நினைவு மங்குவது ஏறக்குறைய 40 சதவீதம் மெதுவாக இருந்தது. பழத்துக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. அமெரிக்கச் செவிலியர்கள் பதிமூன்றாயிரம் பேரை வைத்து 2005இல் வந்த ஆய்விலும் இதே கதைதான். கீரையும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகையும் பலன் காட்டின, பழம் காட்டவில்லை. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். என்ற மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன தினசரி அளவும் கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். மூளையை மட்டும் மனதில் வைத்துச் சொன்னதல்ல அது, ஆனால் விகிதம் ஒத்துப்போகிறது. எங்கள் வீட்டில் நேர் எதிர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும் வரும். கறிவேப்பிலைக்கு மேல் பச்சையாக எதுவும் வராது.

பழத்தில் ஒரே விதிவிலக்கு பெர்ரி. தம்பி அந்தச் செய்தியைத்தான் எங்கோ படித்திருக்கிறான். 70 வயதைக் கடந்த 16,010 செவிலியர்களை வைத்து 2012இல் வந்த ஆய்வில், புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு மூளையின் முதுமை இரண்டரை வருடம் வரை தள்ளிப்போனது போல் இருந்தது. அந்த நீலக் கறுப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்தான் காரணம் என்று கருதுகிறார்கள். 2015இல் மாரிஸ் வகுத்த 'மைண்ட்' உணவு முறையிலும் வாரம் ஆறு முறை கீரை, இரண்டு முறை பெர்ரி; வேறு எந்தப் பழத்துக்கும் மதிப்பெண் கிடையாது.

ஆனால் தம்பி கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 2012 கணக்கில் "நிறைய" என்றால் புளூபெர்ரி வாரத்துக்கு ஒரு அரை கப், ஸ்ட்ராபெர்ரி வாரத்துக்கு இரண்டு. தினமும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே நான் வாங்கியபோது 125 கிராம் டப்பா இருநூற்றைம்பது ரூபாய். தினம் அரை கப் என்றால் மூவாயிரம் இருபது நாளுக்குத்தான் வரும். வாரம் ஒருமுறை என்றால் மாதம் அறுநூறு, எழுநூறில் முடிந்துவிடும்.

அதுகூட எல்லா மாதமும் வேண்டுமா என்று யோசித்தேன். நம் ஊரைச் சுற்றியே கறுப்புப் பழம் விளைகிறது. பெங்களூர் புளூ திராட்சை, தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பயிராகி, 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியது. தோல் தடிப்பு, விதை உண்டு, புளிப்பு தூக்கல். அதனாலேயே விதையில்லாத பச்சைத் திராட்சை வந்தபின் மதிப்பு குறைந்துபோனது. ஆந்தோசயனின் இருப்பது அந்தத் தோலில்தான், துப்பிவிட்டால் போச்சு. ஜூன், ஜூலையில் நாவல் பழம் வரும், இங்கே நேரளே ஹண்ணு. குளிர்காலத்தில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி வண்டிகளில் விற்கும். புளூபெர்ரியில் கண்ட எண்ணைத் தூக்கி நாவலுக்கு ஒட்ட முடியாது, அது நியாயமும் இல்லை. ஆனால் நிறமி ஒரே குடும்பம், விலை கால்வாசி. திராட்சையில் சர்க்கரை மட்டும் கூட. அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் தருவதில்லை.

ஜூஸைப் பற்றி நான் முன்முடிவோடுதான் படிக்கப் போனேன், கொஞ்சம் அசடு வழிந்தது. தம்பி இருக்கும் அதே சியாட்டில் வட்டாரத்தில் ஜப்பானிய வம்சாவளி முதியவர்கள் 1,836 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. வாரம் மூன்று முறைக்குமேல் பழ, காய்கறி ஜூஸ் குடித்தவர்களுக்கு அல்சைமர், அதாவது மறதி நோயில் அதிகம் காணப்படும் வகை, வரும் அபாயம் 76 சதவீதம் குறைவு! மாடி வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன். அப்புறம் பார்த்தால், அந்தக் கணக்கு நின்றது நோய் கண்ட அறுபத்துச் சொச்சம் பேரின் மேல். 2017இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊர்க்காரர்களை வைத்து வந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. இனிப்புப் பானங்கள் அதிகம் குடித்தவர்களுக்கு மூளையின் பருமன் குறைவு, நினைவுத் தேர்விலும் பின்தங்கல். அந்த இனிப்புப் பானக் கணக்கில் பழ ஜூஸும் சேர்த்தி. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. வடிகட்டியில் நார்ச்சத்து தங்கிவிடுகிறது, டம்ளரில் சர்க்கரை இறங்குகிறது, அம்மாவின் ரிப்போர்ட் எல்லைக்கோட்டில். எனக்கு இது போதும். பீட்ரூட்டில் நைட்ரேட் உண்டு என்பது உண்மைதான். பொரியலாகச் சாப்பிட்டாலும் உண்டு.

மாத்திரைக்கு வருவோம். சித்தப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் பிரம்மி என்று கேட்டால் பெங்களூரில் எது கையில் வரும் என்பதே முதல் சிக்கல். நாட்டு மருந்துக் கடையில் நீர்ப்பிரம்மி. வடக்கில் பல ஊர்களில் வல்லாரைக்கும் பிரம்மி என்றே பெயர். அந்த வல்லாரையை இங்கே கீரைக்காரம்மா ஒந்தெலகா என்று விற்கிறார். ஒரே பெயரில் இரண்டு செடி, ஒரே செடிக்கு மூன்று பெயர். டப்பாவுக்குள் இருப்பது எது? வல்லாரை குறித்து நடந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2017 தொகுப்பாய்வில் நினைவாற்றலில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை, கொஞ்சம் சுறுசுறுப்பு கூடலாம் என்ற அளவில் முடிந்தது. மூளைக்கு என்று உலகமே வாங்கிய, ஜிங்கோ மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் மாத்திரையின் கதையும் அப்படித்தான். 75 வயது தாண்டிய 3,069 பேருக்குத் தினம் இரண்டு வேளை, ஆறு வருடம் போலக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் குறையவில்லை என்று 2008இல் அறிவித்தார்கள். சாதாரண மல்டிவைட்டமினுக்கு மட்டும் அண்மையில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் நினைவுத் தேர்வில் சின்ன முன்னேற்றம் தெரிந்தது, நோயைத் தடுத்ததாக அல்ல.

வல்லாரையைத் துவையலாகவோ, கன்னடக்காரர்கள் போலத் தயிர் விட்டுத் தம்புளியாகவோ சாப்பிட எனக்கு எந்தத் தடையும் இல்லை. அதுவும் கீரைதானே. அதைப் பொடித்து டப்பாவில் அடைத்து எண்ணூறு ரூபாய் போடும்போதுதான் கசக்கிறது.

மாத்திரை வகையில் ஒன்றை மட்டும் தள்ள முடியாது, பி12. கீரையிலும் பழத்திலும் அது கிடையாது. அம்மா சைவம், பாலும் ஒரு வேளை காபியோடு சரி. பி12 குறைந்தாலே மறதி, தடுமாற்றம், கால் மரத்துப்போவது எல்லாம் வரும், நேரத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்களுக்கும் குறையும். புளூபெர்ரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை இது.

இதுவரை படித்துவிட்டுக் கீரைதான் வென்றது என்று எழுந்துவிடாதீர்கள், நானும் அந்த இடத்தில்தான் ஒரு வாரம் நின்றேன். மேலே சொன்னதில் முக்கால்வாசி, சாப்பிட்டவர்களை வேடிக்கை பார்த்த ஆய்வுகள். கீரை சாப்பிடுகிறவர் காலையில் நடக்கவும் செய்வார், பீடி பிடிக்க மாட்டார், படித்திருப்பார். அதையெல்லாம் கணக்கில் முழுதாகக் கழிப்பது கடினம். மைண்ட் உணவை நேரடிச் சோதனையாக 604 பேரிடம் மூன்று வருடம் செய்து பார்த்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு மைண்ட், மற்றொன்றுக்கு வழக்கமான சாப்பாடு, இரண்டிலும் கொஞ்சம் அளவுக் குறைப்பு. இரண்டு குழுவும் சற்றே முன்னேறியது, இடையே பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் அரசு ஊழியர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேரை ஏறக்குறைய 25 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு, 2019இல், நடுவயதில் நல்ல சாப்பாடு சாப்பிட்டதற்கும் பின்னால் மறதி நோய் வராததற்கும் தொடர்பு காணவில்லை. நோய் வெளியே தெரிவதற்குப் பத்து வருடம் முன்பே மூளையில் வேலையைத் தொடங்கிவிடும். சமைக்கப் பிடிக்காமல் போவது, ரொட்டியும் டீயுமாக முடித்துக்கொள்வது எல்லாம் அதன் விளைவாகவே இருக்கலாம். கீரை சாப்பிடாததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் கீரை நின்றதா? பெரியம்மா கடைசி இரண்டு வருடம் அடுப்பில் கீரை ஏற்றவே இல்லை என்று பெரியப்பா சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

அப்படியானால் ஏன் இன்னும் கீரைப் பக்கம் நிற்கிறேன்? சுற்றுவழி ஒன்று இருக்கிறது, அது உறுதியானது. பழமும் காய்கறியும் கொழுப்பு குறைந்த பாலும் நிறைந்த டேஷ் உணவை 1997இல் சோதித்தபோது, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாகப் பதினொரு புள்ளி இறங்கியது. அது வேடிக்கை பார்த்த ஆய்வு அல்ல, சாப்பாட்டைச் சமைத்துக் கொடுத்தே செய்தது. ரத்த அழுத்தத்தை மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்தினால் லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஸ்பிரின்ட் சோதனை 2019இல் காட்டியது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சொன்ன, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய மறதி நோயின் 14 காரணிகளில் உணவு தனியாக இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் நான்கும் இருக்கின்றன. இந்த நான்குக்கும் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு மூளைக்கு உதவாவிட்டாலும் பிரஷருக்கு உதவும் என்ற ஒரு வழியைத்தான் நான் வாங்குகிறேன். அதற்கு ஜூஸோ பிரம்மி மாத்திரையோ வேண்டியதில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாம் அமெரிக்க, பிரிட்டன் தட்டுகளை வைத்து. நம் மக்களின் கணக்கும் நடக்கிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழக (ஐ.ஐ.எஸ்.ஸி.) வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயதைத் தாண்டிய கிராமத்து மக்களைப் பத்தாயிரம் பேர் இலக்கில் பின்தொடர்கிறது. ராகிக் களியும் சொப்பு சாறும் (கீரைச் சாறு) சாப்பிடுகிற மக்கள், மாம்பழ ஊர் வேறு. இந்தியாவில் 60 வயதுக்கு மேல் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, கீரையின் குறைகளையும் சொல்ல வேண்டும். கட்டு இருபத்தைந்து ரூபாய் என்பது பொய் விலை. அதை ஆயும் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது? எனக்கு எட்டரைக்கு ஆபீஸ் வண்டி. அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, அரைக்கீரையை ஆய்ந்தால் இரண்டு நாள் கை மடங்காது. முருங்கைக்கீரை உருவுவதோ தனி வேலை. எங்கள் வீட்டில் கீரை நின்றுபோனதற்குக் காரணம் பணமோ அறிவோ கிடையாது, இந்த அரைமணி நேரம்தான். ஆய்ந்து டப்பாவில் போட்ட கீரை டெலிவரி ஆப்பில் கிடைக்கிறது, ஆனால் மூன்று மடங்கு விலை, பாதி நாள் ஈரம் கோத்து அழுகல்.

இரண்டாவது, பெங்களூருக்கே உரிய கவலை. ஏரிக் கழிவுநீரைப் பாய்ச்சி வளர்த்த கீரையில் ஈயம், காட்மியம் போன்றவை வரம்பை மீறி இருப்பதாகப் பல வருடமாக ஆய்வுகள் வருகின்றன. ஈயம் மூளைக்கே விஷம். உப்புத் தண்ணீரில் அலசினால் மண் போகும், மேலே அடித்த மருந்து கொஞ்சம் போகும். செடி உறிஞ்சிய உலோகம் போகாது. அதனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குகிறேன், ஒரே ஆளிடமே எப்போதும் வாங்குவதில்லை. முருங்கை எதிர்வீட்டு மரத்தில். வல்லாரை மொட்டைமாடித் தொட்டியில்.

சமைப்பதில் இந்த ஊரிடம் கற்றுக்கொண்டது பஸ்ஸாரு. கீரையையும் பருப்பையும் வேகவைத்து, வடித்த தண்ணீரிலேயே சாறு வைத்து, கீரையைத் தனியாகப் பல்யாவாக, அதாவது பொரியலாக, தாளிப்பார்கள். ஃபோலேட் தண்ணீரில் இறங்கிவிடும் சத்து. நாம் வடித்துச் சாக்கடையில் ஊற்றுவதை அவர்கள் களிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் பிரச்சினை. இருவரும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

கடைசியில் மூவாயிரத்தை இப்படிப் பிரித்தேன். வாரம் ஐந்து நாள் கீரைக்கு அறுநூறு. வேலைக்கு வரும் அக்காவுக்கு, கீரை ஆய்ந்து கழுவி வைக்க மாதம் எண்ணூறு கூடுதல். முழுத் திட்டத்திலும் உருப்படியான செலவு இதுதான். கறுப்புப் பழத்துக்கு எழுநூறு, எது மலிவோ அது, எதுவும் இல்லாத மாதத்தில் தம்பியின் புளூபெர்ரி. மிச்சம் தொள்ளாயிரம். முதல் மாதம் அது பி12 பரிசோதனைக்குப் போனது. குறைவுதான், இப்போது மாத்திரை எடுக்கிறார்.

அப்புறம் அந்த 14 காரணிகளில் காது கேளாமையும் ஒன்று. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதை இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, காதைப் பரிசோதிக்கத் தோன்றவில்லை. இரண்டு காதிலும் குறைபாடு. தொள்ளாயிரம் இப்போது காதுக்கருவி உண்டியலில் சேர்கிறது, பாதிக்குமேல் தம்பி தருவதாகச் சொல்லிவிட்டான். டிசம்பரில் வரும்போது அங்கிருந்து என்ன கொண்டு வரட்டும் என்று குழுவில் கேட்டான். சித்தப்பா ஜிங்கோ என்றார். அம்மா, வழக்கம்போல், அதற்குப் பதில் போடவில்லை.